எதுக்களித்த துளி

உண்டது வயிற்றில் தங்காமல் தொண்டைக்குத் திரும்பி வருவதை 'எதுக்களித்தல்' என்ற சொல்லால் குறிக்கிறோம். கைக்குழந்தைக்குப் பால் புகட்டிய தாய், உடனே அதைத் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிக் கொடுப்பதன் காரணம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பாலோடு உள்ளே போன காற்று வெளியேறுவதற்கு வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் பாலையும் இழுத்துக்கொண்டு வாய் வழியாகவே வரும். புகட்டிய கையின் மேல் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வண்டிகளும் எதுக்களிக்கின்றன. பெட்ரோல் நிரப்பும்போது டேங்கின் வாயிலிருந்து எரிபொருள் திடீரென்று மேலெழும்பி, வண்டியின் பக்கவாட்டிலும் நிரப்புபவரின் கையிலும் காலிலும் தெறிப்பதைப் பலர் பார்த்திருப்போம். துணியால் துடைத்துவிட்டு மறந்துவிடும் அற்ப நிகழ்ச்சி. ஆனால் இந்தத் துளிக்கும் ஒரு வரலாறு உண்டு. சட்டமன்றமும் நீதிமன்றமும் அதில் வருகின்றன. மருத்துவ அறிஞர்களும் வருகிறார்கள். சிந்திய துளிக்கு யார் பொறுப்பு, ஊற்றியவரா, ஊற்றும் குழாயைச் செய்தவரா, வண்டியைச் செய்தவரா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே அந்த வரலாறு ஒரு நூற்றாண்டு காலம் நகர்ந்திருக்கிறது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

காலி டேங்க் காலியன்று

முதலில் இயற்பியல். முள் கீழே இறங்கிவிட்ட டேங்கைக் காலி என்கிறோம். உண்மையில் அதற்குள் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து நிறைந்திருக்கின்றன. உள்ளே ஒரு லிட்டர் பெட்ரோல் போக வேண்டுமானால், ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆவி வெளியே வந்தாக வேண்டும். ஆகவே நிரப்புதல் என்பது ஒருவழிப் பயணமன்று. உள்ளே ஒன்று இறங்க, வெளியே ஒன்று ஏறும் பண்டமாற்று.

அந்த ஆவி வெளியேறுவதற்காக, பெட்ரோல் இறங்கும் குழாயை ஒட்டியே மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றை வண்டி செய்பவர்கள் அமைப்பதுண்டு. அது போதிய அகலமில்லாமலோ, வளைந்து நெளிந்தோ, அடைபட்டோ இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இறங்கும் பெட்ரோலைவிட எழும்பும் ஆவியின் கை ஓங்கும் கணத்தில், குழாயில் நிற்கும் பெட்ரோலை ஆவி மேலே தள்ளிவிடுகிறது. டேங்க் பாதிகூட நிறையாத நிலையிலும் இது நிகழக்கூடும். நிறைந்து வழிவது வேறு, எதுக்களிப்பது வேறு என்பதை நாம் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். நிறைந்து வழிந்தால் ஊற்றியவர் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். எதுக்களித்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. வெகுகாலம் பழி முழுவதும் கையின் மேலேயே விழுந்தது.

மருந்துக்கடையும் மளிகைக்கடையும்

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்தில் பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே கிடையாது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் கணவர் காரல் பென்ஸ் செய்த வண்டியை ஓட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டபோது, வழியில் வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். லிக்ராயின் என்ற அந்தத் திரவம் அப்போது கறை நீக்கும் பொருளாக அங்கே விற்கப்பட்டது. அதன்பின் பல ஆண்டுகள் தகரக் கேனும் புனலுமே வண்டிக்காரரின் துணை. புனல் வைத்து ஊற்றியவர்களுக்குச் சிந்துவது பெரிய செய்தியே அன்று.

அளந்து ஊற்றும் பம்பு பிறந்த இடம் ஒரு மளிகைக்கடை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்ன் நகரில், 1885ஆம் ஆண்டு சில்வேனஸ் பவுசர் என்பவர் ஜேக் கம்பர் என்ற கடைக்காரருக்கு மண்ணெண்ணெய் பம்பு ஒன்றைச் செய்து விற்றார். கசிந்த மண்ணெண்ணெய் கடையில் இருந்த வெண்ணெயைக் கெடுத்ததுதான் அதற்குத் தூண்டுதல் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அப்படியானால் எரிபொருள் பம்பின் மூதாதையே சிந்தலுக்கு எதிராகப் பிறந்தது எனலாம். 1905 வாக்கில் பவுசரின் நிறுவனம் குழலுடன் கூடிய பெட்ரோல் பம்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அவர் பெயர் நம் மொழிக்குள்ளும் வந்து தங்கியிருக்கிறது. ஈழத்துத் தமிழர் எரிபொருள் கொண்டுவரும் லாரியைப் 'பவுசர்' என்கிறார்களே, அந்தப் பவுசர் இவர்தான்.

பம்பு வந்தது, அளவு வந்தது. எப்போது நிறுத்துவது என்பது மட்டும் நிரப்புபவரின் காதையும் கண்ணையும் நம்பியே இருந்தது. குழாயில் ஏறும் ஒலியின் சுருதி மாறுவதைக் கேட்டு விசையை விடுவதே தொழிலறிவு.

ஒரு சிறு துளையின் அறிவு

அந்தத் தொழிலறிவைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தது தானாக நிற்கும் நாசில். 1939இல் நியூயார்க் மாநிலத்தின் ஓலியன் நகரில் ரிச்சர்ட் கார்சன் இதை உருவாக்கினார். இன்று உலகெங்கும் பங்குகளில் 'டக்' என்ற ஒலியுடன் நிற்கும் நாசில்களில் இந்த எண்ணமே வேலை செய்கிறது. மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. இயக்குவது ஒரு பழைய இயற்பியல் உண்மை.

மோதேனாவில் பேராசிரியராக இருந்த ஜொவான்னி பத்தீஸ்தா வெஞ்சுரி, 1797இல் பாரிசில் வெளியிட்ட நூலில் நீரோட்டத்தின் இயல்பு ஒன்றை விளக்கினார். குறுகிய பாதையில் விரைந்து பாயும் திரவத்தின் அழுத்தம் குறைகிறது. குறையவே அக்கம்பக்கத்தில் இருப்பதை அது தன்பால் இழுக்கிறது. நாசிலின் மூக்கு நுனியருகே ஒரு சிறு துளையைக் காணலாம். அதிலிருந்து ஒரு நுண்குழல் கைப்பிடி வரை செல்கிறது. பெட்ரோல் பாயும்போது உண்டாகும் இழுப்பு அந்தத் துளை வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டேங்கில் மட்டம் உயர்ந்து துளையைப் பெட்ரோல் மூடியதும் காற்று வருவது நின்றுவிடுகிறது. இழுப்பு முழுவதும் உள்ளிருக்கும் சவ்வின் மேல் விழுகிறது, சவ்வு நகர்ந்து பிடிப்பை விடுவிக்கிறது, வால்வு மூடிக்கொள்கிறது. மூச்சடைத்ததும் கை உதறும் உயிரியைப் போல!

இங்கேதான் எதுக்களிப்பு தன் தனிமுகத்தைக் காட்டியது. நிறைந்து வழிவதை நாசில் தடுத்துவிட்டது. ஆனால் ஆவி தள்ளிய பெட்ரோல் நுனித்துளையை எட்டி, நாசில் அதை உணர்ந்து மூடிக்கொள்வதற்குள், ஒரு வீச்சு வெளியே தெறித்துவிடுகிறது. இன்னொரு பக்கம், டேங்க் நிறையாமலே நாசில் திரும்பத் திரும்ப நின்று நிரப்புபவரைச் சோதித்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. பழுது வண்டியின் தொண்டையில்.

அக்காலத்திலும் பேச்சு கையைச் சுற்றியே நடந்தது. 1947இல் ஃப்ராங்க் யூரிச் லாஸ் ஏஞ்சலிசில் வாடிக்கையாளரே நிரப்பிக்கொள்ளும் நிலையத்தைத் திறந்தார். பயிற்சியில்லாத கை நாசிலைப் பிடித்தால் சிந்தும், சிந்தினால் தீப்பற்றும் என்ற வாதம் எழுந்தது. நியூ ஜெர்சி 1949இல் இதைச் சட்டத்தால் தடுத்தது. அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது. 1951இல் தடை போட்ட ஆரிகன், 2023இல்தான் அதை விலக்கிக்கொண்டது.

காவலுக்கு நின்ற எதுக்களிப்பு

1970களில் கதை ஒரு விசித்திரமான திருப்பம் கொள்கிறது. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கருவி அமெரிக்க வண்டிகளில் வரவிருந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் அதை நஞ்சாக்கிவிடும். எனவே புதிய வண்டிக்குள் ஈயப் பெட்ரோல் தவறியும் போகக்கூடாது. ஈயமில்லாப் பெட்ரோலின் நாசில் மூக்கு 21.3 மில்லிமீட்டருக்கு மேல் தடிக்கக்கூடாது என்றும், ஈயப் பெட்ரோலின் மூக்கு 23.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் விதி வந்தது. புதிய வண்டிகளின் டேங்க் வாய்க்குள் மெல்லிய மூக்கு மட்டுமே நுழையும் வளையம் வைக்கப்பட்டது.

தடித்த மூக்கை வெளியே பிடித்துக்கொண்டே ஊற்றினால் என்ன ஆகும்? அதற்கும் விடை வைத்திருந்தார்கள். பெட்ரோல் வளையத்தில் மோதித் திரும்பித் துளையை மூடி, நாசிலை நிறுத்திவிட வேண்டும். 700 கன சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போய்விடக் கூடாது. இதுகாறும் தொல்லையாக இருந்த திருப்பத்தையே காவல்காரனாக நிறுத்திய சாதுரியம் இது. என்றாலும் ஈயப் பெட்ரோல் சில சென்ட் மலிவு. மலிவை நாடியவர்கள் புனலைக் கொண்டுவந்தார்கள். சிலர் வளையத்தையே உடைத்தார்கள். மனிதனின் சிக்கனத்துக்கு முன் பொறியியல் தோற்ற இடங்களில் இதுவும் ஒன்று.

பழி யார் மேல்?

அதே காலத்தில் காற்று மாசு பெரிய அரசியலாயிற்று. வெயிலில் நச்சுப் புகைமூட்டம் உருவாவதற்குப் பெட்ரோல் ஆவியும் மூலப்பொருள் என்பது தெளிவானதும், டேங்கிலிருந்து வெளியேறும் அந்த ஒரு லிட்டர் ஆவியின் மேல் அதிகாரிகளின் பார்வை விழுந்தது. சிந்திய துளியும் ஆவியாகிக் காற்றில்தானே கலக்கிறது! 1970களின் நடுவில் கலிஃபோர்னியா, ஆவியை நாசில் வழியாகவே உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பும் முறையைக் கொண்டுவந்தது. ரப்பர் உறை போர்த்திய அந்த நாசில்கள் கனமானவை. அழுத்திப் பிடிக்க வேண்டியவை.

செலவு பங்கு நடத்துபவரின் தலையில் விழுந்தது. வண்டி வெளியிடும் ஆவியை வண்டியே பிடித்துக்கொள்ளட்டுமே என்று எண்ணெய் நிறுவனங்கள் கேட்டன. பம்பில் பிடிப்பதே முறை என்றனர் வண்டி செய்பவர்கள். 1987இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஆவியைப் பிடிக்கும் கரிக்குடுவையை வண்டிக்குள்ளேயே வைக்கும் திட்டத்தை முன்வைத்தது. விபத்து நேர்ந்தால் தீப்பற்றும் என்ற அச்சம் எதிர்ப்பாகக் கிளம்பியது. 1990 நவம்பரில் நிறைவேறிய தூய காற்றுச் சட்டத் திருத்தம் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி, ஆவியில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்றது. அப்படியிருந்தும் 1992இல் முகமை பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பின்வாங்கியது. இயற்கைவளப் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1993 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் 'செய்' என்று சொல்லியிருக்கும்போது செய்யாமலிருக்கும் உரிமை முகமைக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. 1994இல் விதி பிறந்தது. 1998 மாதிரிக் கார்களில் 40 சதவீதம், 1999இல் 80, 2000இல் முழுமை என்று படிப்படியாக அது நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பெரிய வழக்கின் நிழலில் நடந்த ஒரு சிறிய காரியமே நம் கதைக்கு முக்கியமானது. 1993இல் அதே முகமை வெளியிட்ட இன்னொரு விதியில் எதுக்களிப்புக்கே தனியிடம் கிடைத்தது. நிமிடத்துக்கு 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் வேகத்தில் நிரப்பும்போது தெறிக்கும் பெட்ரோல் ஒரு சோதனைக்கு 1 கிராமுக்கு மேல் போகக்கூடாது. தெறிப்பதைப் பையில் பிடித்து நிறுத்துப் பார்ப்பார்கள். மறுபுறம், எந்தப் பங்கின் நாசிலும் அந்த 10 கேலன் வேகத்தைத் தாண்டக்கூடாது; 1996இல் பெரிய நிலையங்களுக்கும் 1998இல் அனைத்துக்கும் இது பொருந்தியது. ஊட்டுபவர் இன்ன வேகத்துக்குமேல் ஊட்டக்கூடாது. உண்பவர் அந்த வேகத்தில் உண்ணத் தக்க தொண்டையுடன் பிறக்க வேண்டும். ஒரு நூற்றாண்டாகக் கையின் மேல் கிடந்த பழியை, பம்பும் வண்டியும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்ட தருணம் இது என்று நாம் கருதுகிறோம்.

வண்டியின் தொண்டையும் அதற்கேற்ப மாறியது. இறங்கும் பெட்ரோலே குழாயை அடைத்துக்கொண்டு ஆவி மேலேறாமல் தடுக்கும் அளவுக்கு அது குறுகியது. இறங்கியது திரும்பாதபடி உள்ளே ஒருவழி வால்வு வந்தது. ஆவி வேறு வழியாகக் கரிக்குடுவைக்குப் போய்த் தங்கி, பின்னர் எஞ்சின் ஓடும்போது எரிபொருளாகவே செலவாகிறது. இத்தகைய வண்டிகள் பெருகிவிட்டதால், பம்பில் ஆவி பிடிக்கும் கட்டாயத்தைத் தளர்த்த 2012இல் மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. சீனாவும் 2020இல் இலகு வண்டிகளுக்கு இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது.

சொட்டுக்கணக்கு

இவ்வளவுக்குப் பின்னும் துளி ஓய்ந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா, ஒருமுறை நிரப்பும்போது நாசிலிலிருந்து மூன்று சொட்டுக்கு மேல் விழக்கூடாது என்று விதித்தது. சட்டம் சொட்டு எண்ணத் தொடங்கிவிட்டதே என்று நகைக்கத் தோன்றும். 2014இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்க்கஸ் ஹில்பர்ட்டும் பேட்ரிக் பிரைசும் வெளியிட்ட ஆய்வைப் படித்தால் நகைப்பு நின்றுவிடும். ஒரு நிலையத்தில் பத்தாண்டுகளில் சிந்துவது சுமார் 1500 லிட்டர் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அதில் ஒரு பகுதி ஆவியாகாமல் கான்கிரீட் தளத்துக்குள் ஊடுருவி, மண்ணையும் நிலத்தடி நீரையும் நோக்கி இறங்கக்கூடும் என்று காட்டினார்கள். உலர்ந்துவிட்டது என்று நாம் நினைத்த துளி கீழே போயிருக்கிறது.

நாசில் பிடித்த கை

இனி நம் ஊருக்கு வருவோம். அமெரிக்கக் கதையில் நாசிலைப் பிடிப்பவர் பெரும்பாலும் வண்டிக்குச் சொந்தக்காரர்; வாரத்துக்கொருமுறை, சில நிமிடங்கள். நம் நாட்டுப் பங்குகளில் அதைப் பிடித்து நிற்பவர் ஊழியர். நாள் முழுவதும், நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு. இருசக்கர வண்டியின் டேங்கில் நீண்ட தொண்டை கிடையாது. வாய் நேராக மேலே திறந்திருக்க, அவர் குனிந்து மட்டத்தைக் கண்ணால் பார்த்தே நிறுத்துகிறார். வெளியேறும் ஆவி எழும்பும் இடத்தில்தான் அவர் முகம் இருக்கிறது.

அந்த ஆவியில் பென்சீன் உண்டு. நம் நாட்டின் தற்போதைய தர விதி பெட்ரோலில் அதை 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட செய்தி. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2025இல் பெட்ரோலையே அந்த முதல் வகையில் சேர்த்தது. சிறுநீர்ப்பைப் புற்றும் ஒருவகை இரத்தப் புற்றும் அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டன. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், அதிக விற்பனையுள்ள புதிய நகரப் பங்குகளில் ஆவி மீட்பு அமைப்பு வேண்டும் என்கிறது. நல்ல தொடக்கம். பிற பங்குகளில் நாசில் பிடிப்பவருக்கும் அதே மூச்சுதான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

நம் பங்கும் இதில் உண்டு. நாசில் 'டக்' என்று நின்ற பிறகும், கணக்கை முழு ரூபாயாக்குவதற்காகவோ டேங்க் தளும்ப வேண்டும் என்பதற்காகவோ இன்னும் கொஞ்சம் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கார்களில் அப்படித் திணிக்கும் பெட்ரோல் ஆவிக்கான பாதையில் திரவமாகவே ஏறிக் கரியை நனைத்துவிடுகிறது. நனைந்த கரி ஆவியை ஏற்காது. வழியடைபட்ட ஆவி அடுத்தமுறை வாய் வழியாகவே எழும்பும். நேற்று நாம் திணித்ததுதான் நாளை ஊழியரின் கையில் தெறிக்கிறது. அவர் அவசரமாகத் துணியை எடுத்துத் துடைக்கிறார். நாம் 'பார்த்துப் போடக்கூடாதா?' என்கிறோம்.

அவர் பார்த்துத்தான் போட்டார். அந்தத் துளி அவர் கையிலிருந்து வரவில்லை என்பதைச் சட்டம் உணர்வதற்கு ஒரு நூற்றாண்டு பிடித்தது. நாம் உணர்வதற்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை.